பெருசு என்ற ஒரு சொல்லும் பதினொரு அடிக்கோலும்

ஒன்றாம் ஆண்டுக்கு முதன்முதலாகக் கணிதம் எடுக்கப் போன வருடம், நீட்டலளவைப் பாடத்துக்கென்று எதை எடுத்தாலும் ரெண்டு வெள்ளி (ரிங்கிட்) என்று விற்கும் கடையில் பதினொரு அடிக்கோல் வாங்கிக்கொண்டு போனேன். வகுப்பில் பிள்ளைகளே பதினொரு பேர்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் பதினொரு பேர் என்றால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகி, பாதிக் குடும்பங்கள் பட்டணத்துத் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதிக்கும்) மீதி கிள்ளான் நகரப் பக்கமும் போய்விட்ட ஊர் இது.

புதுப் பென்சில் ஒன்றை எடுத்து, "இது எவ்வளவு நீளம்? அளந்து எழுதுங்க" என்று சுற்றுக்கு விட்டேன். 17, 18, 19, 16, மறுபடி 18 என்று வந்தது. ஒருத்தன் 30 என்று எழுதியிருந்தான். எப்படிடா என்றதற்கு அடிக்கோலின் கடைசியைக் காட்டினான். அங்கே 30 என்றுதான் போட்டிருந்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எண்ணே போடாமல் 'ரொம்ப' என்று எழுதி வைத்திருந்தாள். எவ்வளவு நீளம் என்று கேட்டால் ரொம்ப நீளம் என்பதும் ஒரு விடைதானே.

அன்று இரவு வீட்டில் பதினொரு அடிக்கோலையும் மேசையில் அடுக்கிப் பார்த்தேன். சிலவற்றில் சுழியம் விளிம்பிலேயே இருந்தது. சிலவற்றில் விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. சில பிள்ளைகள் விளிம்பிலிருந்து அளந்திருக்கிறார்கள், சிலர் 1-லிருந்து, சிலர் பென்சிலை எங்கேயோ நடுவில் வைத்து அது முடிந்த இடத்து எண்ணை எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளைச் சொல்லி ஒன்றுமில்லை. தொடக்கப்பள்ளிகளுக்கான கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டம் ஒன்றாம் ஆண்டில் சென்டிமீட்டரைக் கேட்பதே இல்லை. ஒப்பிட்டுச் சொல்லப் பழக்கு, கையாலோ குச்சியாலோ அளக்க விடு, அவ்வளவுதான். சென்டிமீட்டரும் மீட்டரும் இரண்டாம் ஆண்டில்தான் வருகின்றன. நான் ஆர்வக்கோளாறில் ஒரு வருடம் முந்திக்கொண்டேன்.

அந்த அடிக்கோல்களை அலமாரியில் பூட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு வருகிறேன். பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள், அங்கே என்ன செய்தால் பிடிமானம் கிடைக்கிறது என்று கைக்கு வந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வழுக்கல் கணக்கிலே கிடையாது, பேச்சில் இருக்கிறது. நம் வீட்டுத் தமிழில் 'பெருசு' என்ற ஒரே சொல் எல்லா வேலையும் பார்க்கிறது. கயிறு நீளமாக இருந்தாலும் பெருசு, மரம் உயர்ந்திருந்தாலும் பெருசு, பலகை அகலமாக இருந்தாலும் பெருசு, வயது கூடினாலும் பெருசு. ஒரு நாள் ஈர்க்குக் குச்சி ஒன்றையும் தேங்காய் ஒன்றையும் மேசைமேல் வைத்து எது பெருசு என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. இரண்டு பக்கமும் சரிதான் என்பதால் சண்டை முடியவே இல்லை. அப்போது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நான் எங்க அண்ணனைவிட உயரம். ஆனா அவன்தான் பெருசு" என்றான். அவனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு என்று சொல்லச் சொல் மட்டும் பற்றவில்லை.

அதனால் முதல் வாரம் முழுக்க அளக்கவே விடுவதில்லை, பேச மட்டும்தான் விடுகிறேன். நீளம், உயரம், அகலம், தடிப்பு. "எது பெருசு" என்று நானும் வாய் தவறிக் கேட்காமல் இருக்க வேண்டும். இது நினைப்பதைவிடக் கஷ்டம். பிள்ளை "பெருசு" என்றால் தப்பு என்று சொல்லாமல், "எப்படிப் பெருசு? கையால காட்டு" என்று கேட்பேன். கை பக்கவாட்டில் விரியும், அல்லது மேலே போகும். அந்தக் கையசைவுக்கு ஒரு பெயர் கொடுத்தால் போதும். மலாய்ப் பாடத்தில் பாஞ்சாங் (நீளம்), திங்கி (உயரம்) என்று தனித்தனியாகப் படிக்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு அது முதலில் பிடிபட்டு, தமிழ்ச்சொல் பிறகு வருகிறது. அதையும் தடுப்பதில்லை. எந்த வாசல் வழியாக வந்தால் என்ன?

நீளத்துக்கும் உயரத்துக்கும் வித்தியாசம் சொல்லித் தந்தது நானில்லை, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற ஒருவரின் மகள். செம்பனை (எண்ணெய்ப் பனை) உயர்ந்துவிட்டால் அரிவாளை நீண்ட அலுமினியக் கம்பில் மாட்டித்தான் குலையை அறுப்பார்கள். அவள் எழுந்து சொன்னாள்: "எங்கப்பா கம்பை மோட்டார்ல கட்டிட்டுப் போறப்ப நீளம் டீச்சர். மரத்துல நிறுத்துனா உயரம்." கம்பு ஒன்றுதான், படுத்தால் ஒரு பெயர், நின்றால் ஒரு பெயர். அதற்குப் பிறகு எந்த வருடமும் இதை நான் வேறு உதாரணத்தில் சொன்னதில்லை. எங்கள் பிள்ளைகளில் அந்தக் கம்பைப் பார்க்காதவர் யாருமில்லை.

பிறகு ஒப்பிடுதல். இங்கேதான் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே செய்து பார்த்த அந்தச் சோதனையை ஒவ்வொரு வருடமும் நானும் செய்கிறேன். ஒரே நீளமுள்ள இரண்டு ஈர்க்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் ஒரே நீளமா?" என்று கேட்பேன். ஆமாம் என்பார்கள். அவர்கள் கண் முன்னாலேயே ஒன்றை இரண்டு விரல்கடை முன்னால் நகர்த்துவேன். "இப்போ?" முன்னால் துருத்திக்கொண்டிருப்பதுதான் நீளம் என்று பாதி வகுப்பு சொல்லும். மறுபக்கத்தில் அதே அளவு பின்தங்கியிருப்பதைப் பார்க்க மாட்டார்கள். ஆறேழு வயதில் இது இயல்பு. விளக்கம் சொல்லித் திருத்தப் பார்த்தால், நமக்காக "ஆமா டீச்சர்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த குச்சியில் அதையே செய்வார்கள்.

இதில் எனக்கு வழி திறந்தது வகுப்புக்கு வெளியே. காலை வரிசையில் இரண்டு பையன்கள் யார் உயரம் என்று முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். சுற்றி நின்ற நான்கு பேர் ஒரே குரலில் கத்தினார்கள்: "டீச்சர், அவன் எக்குறான்!" இன்னொருத்தன் குனிந்து பார்த்து, "இவன் சாக்கடைக் கான் ஓரத்துல ஏறி நிக்கிறான்" என்றான். குச்சியில் கீழ்முனையைக் கவனிக்காத அதே பிள்ளைகள்! ஆள் உயரத்தில் காலடியைப் போலீஸ்காரர் மாதிரி காவல் காக்கிறார்கள். காரணம் எளிது. ஆள் நிற்பது தரையில். தரை இரண்டு பேருக்கும் பொது. மேசைமேல் கிடக்கும் குச்சிக்குத் தரை இல்லை.

அன்றிலிருந்து மேசைக்குத் தரை போட்டுக் கொடுக்கிறேன். ஒரு தடித்த புத்தகத்தை நிறுத்தி வைத்தால் போதும். அல்லது பிஸ்கட் டின் மூடியின் உள்விளிம்பு. குச்சிகளின் ஒரு முனை அதில் முட்டி நிற்க வேண்டும். "தரையில் நிக்குதா? எக்குதா?" என்ற கேள்வி வந்துவிட்டால் பிள்ளைகளே ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்கிறார்கள். "டீச்சர், அவன் பென்சில் எக்குது." இந்த வாக்கியத்தைக் கேட்ட நாளில் எனக்கு ஒரு தே தாரிக் கூடுதலாகக் குடிக்கத் தோன்றும். சில நாள் போனதும் புத்தகத்தை எடுத்துவிட்டு மேசையில் ஒரு நாடாவை மட்டும் ஒட்டுகிறேன். பிறகு நாடாவும் போய்விடும். முன்கூட்டியே எடுத்தால் மறுபடி துருத்துவது தொடங்கும். மறுபடி புத்தகத்தை வைக்க வேண்டியதுதான்.

பக்கத்தில் வைக்க முடியாத இரண்டை ஒப்பிடுவது அடுத்த படி. அலமாரி கதவு வழியே நுழையுமா? அலமாரியைத் தூக்கிப் பார்க்க முடியாது. ஒரு கயிற்றில் அலமாரியின் அகலத்தை எடுத்து, கயிற்றைக் கதவுக்குக் கொண்டு போக வேண்டும். மூன்றாவது ஒரு பொருள் இரண்டுக்கும் நடுவில் தூது போகிறது என்பது பெரியவர்களுக்குச் சாதாரணம், பிள்ளைக்கு அது ஒரு பெரிய தாவல். முதல் வருடம் இதில் நான் கம்பளி நூலைக் கொடுத்தேன், கைவேலை டப்பாவில் அதுதான் இருந்தது. ஒரு குழு அலமாரி நுழையும் என்றது, இன்னொரு குழு நுழையாது என்றது. இழுக்க இழுக்க நீளும் நூலை வைத்து யாரைத் திருத்துவது? இப்போது பொட்டலம் கட்டும் சணல் கயிறுதான். பெற்றோர் யாராவது வீட்டில் செய்து பார்ப்பதானால், பழைய தையல் டேப்பையும் நம்பாதீர்கள், துணி டேப் பல வருடம் இழுபட்டால் நீண்டுவிடும்.

இதற்கப்புறம்தான் எண். எத்தனை குச்சி, எத்தனை சாண், எத்தனை முழம்.

முழத்தைச் சொல்லித்தர நம்மவர்களுக்குப் புத்தகம் தேவையில்லை. கோவில் வாசல் பூக்காரம்மா போதும். எல்லாப் பிள்ளைக்கும் அவர் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் சரத்தை இழுத்து அளப்பது தெரியும். அவரவர் வீட்டில் நாலு முழ வேட்டி, எட்டு முழ வேட்டி என்று கேட்டும் இருப்பார்கள். வகுப்பிலேயே உயரமான பையனையும் ரொம்பச் சின்னப் பெண்ணையும் கூப்பிட்டு, ஒரே கயிற்றை முழம் போடச் சொன்னேன். அவனுக்கு ஏழு, அவளுக்கு ஒன்பது. வகுப்பு அமைதியாகிவிட்டது. கயிறு வளர்ந்ததா? யாராவது ஏமாற்றினார்களா? இரண்டு பேரின் கையையும் பக்கத்தில் பக்கத்தில், முழங்கை 'தரை'யில் முட்ட, வைத்துப் பார்த்த பிறகுதான் ஒருத்தி சொன்னாள்: "சின்னக் கைன்னா நிறைய தடவ போடணும்." அளவு சிறியதானால் எண்ணிக்கை கூடும் என்பதை நான் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருந்தாலும் இப்படி ஏறியிருக்காது. பிறகு அவளே கேட்டாள்: "அப்ப பூ வாங்கப் போனா பெரிய கைக்காரங்கக்கிட்டதான் வாங்கணுமா டீச்சர்?" என்னிடம் அதற்கு மறுப்பு இல்லை.

எண் சாண் உடம்பு என்று நம் பெரியவர்கள் சொல்வதைச் சோதித்துப் பார்த்தோம். பழைய நாளிதழ்களை ஒட்டித் தரையில் விரித்து, ஒவ்வொரு பிள்ளையையும் படுக்க வைத்து உச்சியிலும் குதிகாலிலும் கோடு போட்டோம். அவரவர் சாணால் அவரவர் அளக்க வேண்டும். பலருக்கு எட்டு வந்தது, அல்லது எட்டை ஒட்டி வந்தது. ஒருத்தனுக்குப் பன்னிரண்டு. அவன் சாணை விரிக்கவே இல்லை, கையைச் சுருக்கிச் சுருக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறான். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்துப் பையன்: "டேய், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விரிடா." அளவு நடுவில் மாறக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்கியம் என்னிடம் இல்லை. நான் என் சாணால் என்னை அளந்தேன். எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. உயரம் வேறு, கை வேறு, ஆனால் எண் ஒன்று. இது ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டபோது, "நம்ம கையும் நம்மளோடதானே வளருது" என்று சொல்லி வைத்தேன். அடுத்த நாள் ஒரு பாட்டி வாசலில் நின்று, "என்ன டீச்சர், பேரன் என்னைப் படுக்கப் போட்டு அளக்குறான்" என்று புகார் சொன்னார். புகார் மாதிரி தெரியவில்லை, எத்தனை சாண் வந்தது என்றும் அவரே சொன்னார்.

குச்சியால் அளப்பதில் மூன்று தப்பு வரும், எந்த ஊர் வகுப்பிலும் வரும் என்று நினைக்கிறேன். குச்சிகளுக்கு நடுவே இடைவெளி விடுவது, ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது, வேறு வேறு நீளக் குச்சிகளைக் கலப்பது. மூன்றாவதை நானே வரவழைத்தேன். கம்பத்தில் (கிராமத்தில்) இருக்கும் தாத்தா வீட்டிலிருந்து ஒரு பையன் பை நிறைய ரப்பர் விதை கொண்டுவந்தான். அழகாக, வழவழப்பாக, புள்ளி புள்ளியாக இருந்தது. நம் மண்ணின் பொருள் என்று ஆசைப்பட்டு அதையே அளவாக வைத்தேன். விதை ஒன்றுக்கொன்று நீளத்தில் வித்தியாசம். போதாததற்கு மேசைமேல் உருண்டது. அன்று வகுப்பில் அளந்ததைவிட மேசைக்கடியில் தேடியதுதான் அதிகம். கதை சொல்ல ரப்பர் விதை நல்லது, அளக்க ஐஸ்கிரீம் குச்சிதான். எழுதுபொருள் கடையில் கட்டாகக் கிடைக்கும், எல்லாம் ஒரே நீளம், உருளாது. ஈர்க்கை வெட்டியும் செய்யலாம், ஆனால் பதினொரு பேருக்கு ஒரே அளவில் வெட்டி முடிப்பதற்குள் நமக்கு உயிர் போகும்.

முதலில் மேசை முழுக்க அடுக்கும் அளவுக்குக் குச்சி கொடுங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும், எறும்பு போகிற சந்து இருந்தால் தப்பு என்று சொன்னால் அவர்களே அடைப்பார்கள். அது பழகிய பிறகு ஒரே ஒரு குச்சியை மட்டும் கொடுத்து அதே மேசையை அளக்கச் சொல்லுங்கள். குச்சியைத் தூக்கியதும் முடிந்த இடம் மறந்துபோகும். சிலர் விரல் வைத்துக்கொள்வார்கள், சிலர் பென்சிலால் கோடு போடுவார்கள். அந்தக் கோடுகள் வரிசையாக விழுந்த மேசையைப் பாருங்கள், அதுதான் அடிக்கோல். அவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை, இன்னும் ஒரு வருடம் கழித்து அது தானாக வரும்.

வகுப்புக்கு வெளியே ஒரு நாள் எடுத்துக்கொள்கிறேன். பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. மண்டோரிடம் (தோட்டக் கண்காணியிடம்) முன்பே சொல்லிவிட்டு, வெட்டு நடக்காத நிரையில், ஓலை குவித்திருக்கும் பக்கம் போகாமல், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடந்து எண்ண விடுவேன். ஓலைக் குவியலில் பாம்பு இருக்கும், இதில் விளையாட்டு வேண்டாம். பிள்ளைகளுக்குப் பதினெட்டு, இருபது எட்டு வரும். எனக்குப் பதின்மூன்று. இன்னொரு மரத்துக்குப் போனாலும் கிட்டத்தட்ட அதே எண் வருவது அவர்களுக்கு ஆச்சரியம். காட்டு மரம் இப்படி நிற்காதே! செம்பனையைப் பெரும்பாலும் ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில், முக்கோணமாக நடுகிறார்கள், ஒவ்வொரு மரத்துக்கும் சுற்றிலும் வெயில் கிடைக்க. எந்தப் பக்கம் திரும்பி நடந்தாலும் அடுத்த மரம் அதே தூரம். கன்று வைக்கும்போது கயிறு பிடித்த தாத்தாக்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஒருவர் என்னிடம், "முப்பதடி கயிறும்மா, முடிச்சுப் போட்டு வெச்சிருப்போம்" என்றார். அவர் அடியில்தான் நினைக்கிறார். எடை அளவைச் சட்டம் 1972-லேயே வந்து, பள்ளிக்கூடமெல்லாம் மீட்டருக்கு மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் வீட்டை இன்றைக்கும் சதுர அடியில்தான் விற்கிறார்கள். பிள்ளை வீட்டுக்குப் போய் மீட்டர் என்றால் தாத்தா அடி என்பார். குழப்பம் என்று நினைக்க வேண்டாம். அடிக்கோல் என்ற பெயரிலேயே அடி இருக்கிறது. ஒரு அடி 30.48 சென்டிமீட்டர், நம் நீட்டு அடிக்கோல் 30 சென்டிமீட்டர். தாத்தாவின் அடி பிள்ளையின் பைக்குள்தான் இருக்கிறது என்று சொன்னால் போதும்.

இரண்டாம் ஆண்டுக்கு வருகிறேன். அலமாரியைத் திறந்து அடிக்கோலைக் கொடுப்பதற்கு முன்னால், அதை அவர்களே செய்ய வேண்டும் என்பதில் நான் இப்போது பிடிவாதக்காரி. சென்டிமீட்டர் கட்டத்தாளிலிருந்து ஒரு நீளத் துண்டு வெட்டிக் கொடுக்கிறேன். கட்டத்துக்குக் கட்டம் சிவப்பு, மஞ்சள் என்று மாற்றி மாற்றி வண்ணம். பிறகு எண். எங்கே எழுதுவது? எல்லாரும் கட்டத்துக்கு நடுவில் எழுதத்தான் போவார்கள், நாள்காட்டியில் அப்படித்தானே இருக்கிறது. கட்டம் முடிகிற கோட்டில் எழுத வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் காரணம் நடைதான்: மரத்துக்கு மரம் நடந்தபோது கால் தரையில் ஊன்றிய பிறகுதானே 'ஒன்று' என்றாய், கால் அந்தரத்தில் இருக்கும்போது எண்ணினாயா? இதைச் சொன்னால் முகம் தெளியும். ஒரு பையன் ஆரம்பக் கோட்டைக் காட்டி, "இங்க எதுவும் எழுதலையே டீச்சர்" என்றான். இன்னும் நடக்கவே இல்லை, என்ன எழுதுவாய் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவனே சுழியம் போட்டான்.

அதன்பிறகு ஒரு சின்னக் குறும்பு. ஒரு தாள் அடிக்கோலை எடுத்து, 3-க்கு முன்னால் உள்ளதைக் கத்திரித்துவிட்டு, "நாய் கடிச்சுப் போச்சு, இதை வெச்சு அளக்க முடியுமா?" என்று கேட்பேன். குட்டிப் பென்சில் ஒன்றை 3-லிருந்து 9 வரை வைப்பேன். 9 என்பவர்களை வைத்துக்கொண்டு அன்றைய பாடத்தை நீட்ட வேண்டும். சிவப்பு மஞ்சள் கட்டத்தை எண்ணி 6 என்பவர்களை அடுத்த வேலைக்கு விட்டுவிடலாம். அடிக்கோலைப் 'படிக்க' மட்டும் தெரிந்த பிள்ளையும் அளக்கத் தெரிந்த பிள்ளையும் இந்த ஒரு கேள்வியில் பிரிந்துவிடுவார்கள்; ஒரு பக்கப் பயிற்சித் தாள் கொடுத்தாலும் இது தெரியாது.

பயிற்சித் தாள் என்றதும் ஞாபகம். ஒரு வருடம் தேர்வுக்குக் கோடுகள் வரைந்து, 'இக்கோட்டின் நீளம் என்ன' என்று தாள் தயாரித்தேன். விடைத்தாளில் 8 செ.மீ., 5 செ.மீ., 12 செ.மீ. என்று எழுதி வைத்தாகிவிட்டது. திருத்தும்போது ஒரு பிள்ளைகூட 8 எழுதவில்லை. எல்லாரும் 'ஏழரைக்குப் பக்கம்', '7க்கு மேலே' என்று தடுமாறியிருந்தார்கள். நன்றாகச் செய்கிற பெண் ஒருத்தி 8 என்று எழுதி, அடித்துவிட்டு, 7 என்று எழுதி, அதையும் அடித்திருந்தாள். அந்த அடித்தல் திருத்தலைப் பார்த்த பிறகுதான் அடிக்கோலை எடுத்து நானே அளந்தேன். அச்செடுக்கும்போது 'தாளுக்குப் பொருத்து' என்பது தெரிவாகி, எல்லாக் கோடும் சுருங்கியிருந்தது. பிள்ளைகள் சரியாக அளந்திருக்கிறார்கள். தப்பு என் தாளில். மறுநாள் வகுப்பில் அதை ஒத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே! இப்போது எந்த அளவைத் தாளிலும் ஓரத்தில் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டு, நகலெடுத்த பிரதியில் அதை அளந்து பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். நீங்களும் செய்யுங்கள்.

கண்ணளவுக்கு உடம்பிலும் வீட்டிலும் சில இடங்களைப் பழக்கி வைக்கலாம். பிள்ளையின் சுண்டுவிரல் நகத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டருக்குக் கிட்ட வரும். கதவுப் பிடி தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர், அடிக்கோல் இல்லாத இடத்தில் அதுவே அடிக்கோல். அளப்பதற்கு முன்னால் "எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறே?" என்று கேட்டு, அதை எழுத வைத்துவிட்டு அளக்க விடுங்கள். முதலில் பென்சிலை 2 மீட்டர் என்பார்கள். சிரிக்காதீர்கள்.

சென்ற ஆண்டு பக்கத்து நகரமான தெலுக் இந்தானுக்குச் சுற்றுலா போனோம். அங்குள்ள சாய்ந்த கோபுரம் 1885-இல் தண்ணீர்த் தொட்டிக்கும் கடிகாரத்துக்குமாகக் கட்டியது. 25.5 மீட்டர் உயரம். வெளியே பார்த்தால் எட்டு மாடி மாதிரி தெரியும், உள்ளே மூன்றுதான். இதையெல்லாம் நான் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தன் தலையைச் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டே, "டீச்சர், இதை நிமுத்துனா இன்னும் உயரமாயிடுமா?" என்று கேட்டான். நான் பேச்சை நிறுத்திவிட்டேன். கோபுரத்தின் நீளம் அதேதான், ஆனால் உச்சி தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பது சாய்ந்தால் கொஞ்சம் குறையும். இரண்டாம் ஆண்டுப் பையனுக்கு இதை எப்படிச் சொல்வது?

பள்ளிக்குத் திரும்பி, மீட்டர் கோலை வெண்பலகையில் சாய்த்து வைத்தோம். அடிமுனையை ஒவ்வொரு பிள்ளையாக வந்து கொஞ்சம் இழுக்க, மேல்முனை தொட்ட இடத்தில் நான் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். புள்ளிகள் இறங்கிக்கொண்டே வந்தன. கோலைக் கையில் எடுத்து ஒருத்தன் மேலிருந்து கீழ்வரை பார்த்தான், 100 அங்கேயேதான் இருந்தது. குலை வெட்டுகிறவரின் மகள், அப்போது இரண்டாம் ஆண்டு, "அப்பா கம்பைச் சாச்சுப் பிடிச்சா குலை எட்டாது" என்றாள். யாரும் அவளுக்கு மேல் விளக்கம் கேட்கவில்லை.

இந்த வருடம் வளைந்தவற்றை அளப்பதில் நிற்கிறோம். சுருண்டு கிடக்கும் பொருளைக் கயிற்றால் பின்தொடர்ந்து, பிறகு கயிற்றை நீட்டி அளக்க வேண்டும். நேராக இருப்பது எப்போதும் நீளமாகத் தெரிகிறது, வளைந்தது குட்டையாகத் தெரிகிறது. அதைக் கலைக்க வேண்டும். அதற்குப் பயத்தங்காயைவிட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை. நேற்று இரவுச் சந்தைக்குப் போயிருந்தேன். காய்கறிக் கடை அக்கா வழக்கம்போல நேராக, நீளமாக இருப்பதாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தார். நான் அதைத் திருப்பிக் கொடுத்து, கோணல் மாணலாகச் சுருண்டதாக ஒரு கட்டு வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் யாரும் வாங்க மாட்டாங்களே டீச்சர். எதுக்கு?"

"ஒன்னாம் ஆண்டுக்கு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைக்கு அடியில் கிடந்த கூடையை இழுத்தார். பாதி விலைக்குத்தான் கொடுத்தார்.